கையொப்பத்தை நீக்கச் சொன்னவள்

அவளுக்கு 'ஒப்பு' என்று பட்டம் வைத்தது நான்தான். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அந்தச் சொல்லை ஆபீஸில் விட்டேன். அதற்குப் பிறகு யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் கம்பெனி திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், ஐ.டி. பூங்காவுக்குள் ஒரு கட்டிடத்தின் நாலாம் மாடியில் இருக்கிறது. நான் அதே ஊரில் வலியசாலைத் தமிழ் அக்ரஹாரத்துக்காரி. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு ஐந்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, முப்பத்தாறு வயதில் திரும்பப் போனவள். என்னைவிடப் பத்து வயது இளையவர்கள் அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வேலையைத் தரவில்லை. அவர்கள் எழுதுவது சரியாக ஓடுகிறதா என்று தானாகவே பார்க்கும் சோதனைகளை எழுதச் சொன்னார்கள். அதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. நான் செய்தேன். மூன்று வருஷத்தில் அத்தனை சோதனையும் என் கையால் எழுதப்பட்டிருந்தது. யார் எதை எழுதினாலும் என் சோதனைகள் ஓடித் திரையில் பச்சை வந்தால்தான் அது மேலே போகும். சிவப்பு வந்தால் என்னிடம் வந்து நிற்க வேண்டும். 'சேச்சி, ஒந்நு நோக்குமோ', அக்கா கொஞ்சம் பார்ப்பீர்களா என்று பையன்கள் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் யாரும் என்னிடம் அப்படி வந்து நின்றதில்லை.

அவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். இருபத்தாறு வயது. பூங்காவுக்கு எதிரே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். முதல் நாளே என் தமிழைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்து, "அக்கா தமிழா? நல்லதாப் போச்சு, இல்லேன்னா நான் என்ன செய்யது" என்றாள். எங்கள் தெருத் தமிழ் வேறு, அவள் தமிழ் வேறு. 'என்னுடைய' என்பதற்கு 'எனக்க' என்பாள். மலையாளிப் பையன்களுக்கு எல்லாத் தமிழும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று நான்தான் அவர்களுக்கு எடுத்துக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் போனதும் 'எனக்க லாப்டாப்பு, எனக்க டெஸ்ட்டு' என்று பேசிக் காட்டுவேன். நன்றாக வரும். சிரிப்பார்கள்.

அவள் கணினியில் என் சோதனைகள் ஓடவில்லை. மற்ற எல்லோருக்கும் பச்சை, அவளுக்கு மட்டும் சிவப்பு.

காரணத்தை அவளே அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டாள். நாங்கள் செய்த மென்பொருள் வெளிநாட்டு ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கானது. ஒரு அறிக்கையில் யார், எப்போது, எந்த எண்ணை மாற்றினார்கள் என்பதைப் பதிந்து வைப்பது அதன் வேலை. அப்படிப் பதிய, நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலைப் பதிந்து வைக்கப் பயன்படுத்தும் அதே கருவியைத்தான் உள்ளே வைத்திருந்தோம். என் சோதனைகள் ஓடும்போது அந்தக் கருவியைக் கொண்டு பொய்யாகச் சில மாற்றங்களைப் பதிந்து பார்க்கும். அவளோ, தான் பதிகிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரகசியச் சாவியால் கையொப்பம் விழ வேண்டும் என்று தன் கணினியில் சொல்லி வைத்திருந்தாள். சாவி ஒரு சின்ன யு.எஸ்.பி. துண்டுக்குள் இருந்தது. கையொப்பம் தேவைப்படும்போது அது மினுக்கும். உடனே விரலால் தொட வேண்டும். தொடாவிட்டால் கையொப்பம் விழாது, பதிவும் நடக்காது. என் சோதனைகள் அவளுடைய சொந்த அமைப்பை எடுத்துக்கொண்டு, பொய் மாற்றங்களுக்கும் அவள் கையொப்பத்தைக் கேட்டன. ஒரு முறை ஓடி முடிய நாற்பது தடவைக்கு மேல் தொட வேண்டியிருந்தது. ஒன்றைத் தவறவிட்டாலும் சிவப்பு.

மறுநாள் காலையில் எனக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருந்தாள். நாலு வரி. சோதனை தொடங்கும்போது வெறுமையான ஒரு தற்காலிக ஃபோல்டரை உண்டாக்கி, 'இதுதான் உன் வீடு, இங்கே இருக்கிறதை மட்டும் பார்' என்று கருவிக்குச் சொல்கிற நாலு வரி. அதன் பிறகு சோதனை யாருடைய சொந்தச் சாவியையும் தொடாது, யாருடைய அமைப்பையும் வாசிக்காது. மேலே குறிப்பு எழுதியிருந்தாள்: 'சோதனைகள் ஓட்டுகிறவருடைய சொந்த அமைப்புகளை வாசிக்கின்றன. இது பிழை.'

பிழை. நான் மூன்று வருஷம் எழுதியதை, இரண்டு நாள் முன்னால் வந்தவள் ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள்.

நாலு வரியையும் வாசித்தேன். சரியாக இருந்தது. கீழே 'மற்ற எல்லோருக்கும் ஓடுகிறது' என்று எழுதிவிட்டு, திருத்தத்தை ஏற்காமல் மூடினேன்.

அவள் என் இடத்துக்கு வந்தாள். "அக்கா, நாலு வரிதான். நீங்க ஓகே போட்டா முடிஞ்சிரும்."

"எல்லார்க்கும் ஓடறது, உனக்கு மட்டும் என்னவாக்கும் இப்படி? அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிடு."

"அது மட்டும் வேண்டாம் அக்கா."

"அப்போ தொட்டுண்டே இரு."

தொட்டுக்கொண்டேதான் இருந்தாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சோதனையை ஓட்ட வேண்டியிருக்கும். மத்தியானம் நாங்கள் எல்லோரும் கேன்டீனுக்கு இறங்குவோம். திரும்பி வந்து பார்த்தால், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து வலது கையால் சாப்பிட்டபடி, இடது கை விரலை அந்தத் துண்டின் மேல் வைத்துக்கொண்டிருப்பாள். மினுக்கியதும் தொடுவாள். ஒரு வாய் சாப்பிடுவாள். தொடுவாள். ஒரு பையன் பின்னால் நின்று எண்ணுவான். நான் போகிற போக்கில், "ஒப்பு இட்டு கழிஞ்ஞோ?" என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டு முடிந்ததா என்று அர்த்தம். அப்படித்தான் அந்தப் பட்டம் தொடங்கியது. மறுநாள் காலைக் கூட்டத்தில் மேனேஜரே, "ஒப்பு, இந்நு பச்சையாணோ?" என்று, இன்றைக்குப் பச்சை வருமா என்று கேட்டார். அவள் "ஆகும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒரு நாள் நானே கேட்டேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, இருவரும் கீழே டீ குடிக்க நின்றிருந்தோம். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"முன்ன வேலை பாத்த இடத்துல ஒருத்தன் எனக்க பேருல ஒரு மாத்தத்த ஏத்திட்டான் அக்கா. இதுல ஆரு பேரு வேணும்னாலும் எழுதலாம்லா, ஆரு கேக்கா? ஒரு நாள் முழுக்க சிஸ்டம் கெடந்து போச்சு. என்னைய நிறுத்தி வெச்சுக் கேட்டாவ. நான் எழுதல்லன்னேன், ஒருத்தரும் நம்பல்ல. எனக்க அப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன். அதுக்குப் பொறவுதான் இந்தச் சாவி. நான் எழுதினது எதுவோ அதுல எனக்க கையொப்பம் இருக்கும். இல்லேன்னா நான் எழுதினது இல்ல. அம்புட்டுதான்."

"பாவம்" என்றேன். மாலைக்குள் அந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லியிருந்தேன். அப்பாவுக்குப் போன் போட்டு அழுத இடத்தை அவள் குரலிலேயே சொன்னேன்.

ஓணத்துக்கு முன்னால் மென்பொருளின் புதிய வடிவம் ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது. எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். அவள் வேலை மட்டும் தாமதமாகிக்கொண்டே வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என்ன வழி என்று கேட்டார். அவர் பொல்லாதவர் அல்ல. வழி சொன்னால் அதன்படி செய்கிறவர். இரண்டு வழி இருந்தது. அவள் அனுப்பிய நாலு வரியை நான் ஏற்றுக்கொள்ளலாம், ஐந்து நிமிஷ வேலை. அல்லது அவள் தன் கையொப்பத்தை நீக்கிவிடலாம். நான் இரண்டாவதை மட்டும் சொன்னேன்.

"எல்லாவரும் இரிக்கும்போள் செய்யட்டே" என்றும் சொன்னேன். எல்லோரும் இருக்கும்போதே செய்யட்டும் என்று. அது மேனேஜருக்குத் தோன்றியது அல்ல, எனக்குத் தோன்றியது.

மறுநாள் கூட்ட அறையில் அவள் கணினியைப் பெரிய திரையில் இணைக்கச் சொன்னார்கள். அவளுடைய சொந்த அமைப்புக் கோப்பு சுவர் அளவுக்குத் தெரிந்தது. அதில் அவள் பெயர், மெயில் முகவரி, கீழே சாவியின் எண், எல்லாவற்றிலும் கையொப்பமிடு என்கிற வரி. ஒன்பது பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது எனக்க சொந்த செட்டிங் அக்கா" என்று என்னைப் பார்த்துத் தமிழில் மெல்லச் சொன்னாள். மற்றவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது.

"அதனாலதான் உன்னையே அழிக்கச் சொல்றோம்" என்றேன்.

அவள் விரல் அழிக்கும் பட்டனுக்குப் போய்விட்டுத் திரும்ப வந்தது. இரண்டாம் முறை போனபோது அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போயிற்று. சோதனையை ஓட்டச் சொன்னேன். ஒரு தடவைகூடத் தொடாமல் ஓடி முடிந்து பச்சை வந்தது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் யு.எஸ்.பி. துண்டைக் கழற்றி சுடிதார்ப் பையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

இதற்குப் பிறகு நடந்தது முழுக்க என் வேலை.

வாடிக்கையாளர் ஒருவர், ரத்தப் பரிசோதனை அறிக்கைகளிலும் கையொப்பச் சாவி வேண்டும் என்று கேட்டார். அதற்கான பகுதியை அவளிடம் கொடுத்தார்கள், அவளுக்குத்தான் அது தெரியும் என்று. பாதி எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போனாள். நான் அதற்குச் சோதனை எழுதினேன். சோதனை ஒவ்வொரு முறையும் ஒரு பொய்ச் சாவியை உண்டாக்கி என் கணினியின் சாவி ஃபோல்டரில் விட்டுவிட்டுப் போயிற்று. குப்பை சேர்ந்தது. அவள் பாதியில் வைத்திருந்த மாற்றத்தையே திறந்து, அதற்குள் ஒரு வரி சேர்த்தேன்: சோதனை முடிந்ததும் சாவி ஃபோல்டரை முழுசாக அழித்துவிடு. என் கணினியில் எனக்கென்று சாவி எதுவும் கிடையாது. அதனால் அழிந்தது எனக்குத் தெரியவில்லை. பச்சை வந்தது, மேலே அனுப்பிவிட்டேன்.

இன்னொருவர் எழுதி வைத்த மாற்றத்துக்குள் இப்படிச் சேர்த்தால், கருவி எழுதியவர் பெயரை மாற்றாது. அவள் பெயரே நின்றது. சேர்த்தவள் நான் என்பது உள்ளே வேறொரு இடத்தில் இருக்கும், தேடிப் போனால்தான் தெரியும். அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. செய்தபோது அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் இறுதி வடிவத்தைத் தயார் செய்ய எங்களிடம் ஒரு தனிக் கணினி உண்டு. கம்பெனியின் சொந்தக் கையொப்பச் சாவி அதில்தான் இருந்தது. அந்தச் சாவியால் கையொப்பமிட்டு வந்தால்தான் பரிசோதனைக் கூடங்களின் கணினிகள் எங்கள் புதிய வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். அங்கேயும் முதலில் என் சோதனைகள் ஓடும். அன்று ஓடின. முடிந்ததும் என் வரி, அந்தக் கணினியின் உண்மையான சாவி ஃபோல்டருக்குப் போய் அதை முழுசாக அழித்தது. அவளுடைய நாலு வரி இருந்திருந்தால் தற்காலிக ஃபோல்டரோடு நின்றிருக்கும். நகல் இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். நகல் எடுக்க வேண்டிய ஆள் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது.

ஒவ்வொரு பரிசோதனைக் கூடத்துக்கும் போன் செய்து, எங்கள் பழைய சாவி போய்விட்டது, புதிய சாவியை நம்புங்கள் என்று கெஞ்ச வேண்டி வந்தது. யார் செய்தது என்று மேலிடம் பெயர் கேட்டது. மேனேஜர் திரையில் அந்த வரியின் மேல் மவுஸை வைத்துப் பார்த்தார். அவள் பெயர் வந்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்த அன்றே அவளைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். அதே ஒன்பது பேர். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மேனேஜரிடம் கேட்டுக் கீபோர்டை வாங்கி, ஒரு கட்டளை தட்டினாள். மறைந்திருந்த விவரம் வந்தது. எழுதியவர் அவள். சேர்த்தவர் நான்.

"அக்கா" என்றாள். "சேத்தது உங்க பேருல்லா இருக்கு. அந்த வரிய நான் எழுதல்ல. நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் தமிழில் சொன்னதற்கு நான் மலையாளத்தில், அறைக்கு முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னேன். "ஞான் அது மெர்ஜ் செய்ததே உள்ளூ." நான் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது மட்டும்தான் என்று. அப்படியும் நடக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அப்படியே சேர்க்கும்போதும் திரையில் இதே போலத்தான் தெரியும். அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அதனால்தான் அந்தப் பொய் நின்றது.

அவள் மலையாளத்துக்கு மாறினாள். அவசரத்தில் தமிழும் கலந்து வந்தது. "ஞான் எழுதியதில்... எனக்க கையொப்பம் இருந்திருந்தா..." அதோடு நிறுத்திவிட்டாள்.

"ஒப்பு இல்லாத்த ஒப்பு" என்றான் ஒரு பையன். கையெழுத்து இல்லாத கையெழுத்து. சிரிப்பு வந்தது. மேனேஜர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். சிரித்தேன்.

அவளுக்கு இன்னும் வேலை உறுதியாகியிருக்கவில்லை. அதனால் அனுப்புவதில் சிரமமில்லை. அந்த வாரக் கடைசியில் ஹெச்.ஆரிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது சுற்றி யாரும் இல்லை, எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். நானும் போயிருக்கலாம். அவள் அழுகிறாளா என்று பார்க்க நின்றேன். அழவில்லை. டிபன் பாக்ஸையும் ஒரு குடையையும் பையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அத எழுதினது ஆருன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அத நான் கேக்கல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க அக்கா. நான் அனுப்பின அந்த நாலு வரிய வாசிச்சியளா?"

"வாசிச்சேன்."

"எப்போ?"

"அனுப்பின அன்னிக்கே."

"சரியா இருந்ததா?"

"சரியாத்தான் இருந்தது."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தன் திருத்தத்தில் ஏதோ கோளாறு என்றாவது நினைத்துக்கொண்டு போயிருப்பாள். "செரி" என்றாள். லிஃப்ட் வரக் காத்திராமல் படியில் இறங்கிப் போனாள்.

இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறோம் என்று மேலிடம் கேட்டது. அவள் கணக்கை மூடிவிட்டிருந்ததால் அவள் அனுப்பியதை அப்படியே ஏற்க முடியாது. நாலு வரியையும் நகலெடுத்து என் பெயரில் போட்டேன். குறிப்பை மட்டும் மாற்றினேன். 'பிழை' என்கிற சொல்லை எடுத்துவிட்டு 'மேம்பாடு' என்று எழுதினேன். அந்த மாசக் கூட்டத்தில் மேனேஜர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். பத்து நாளில் பையன்களில் ஒருவன் தன் கணினியில் கையொப்பச் சாவி வைத்துக்கொண்டான், பாதுகாப்புக்கு நல்லது என்று. அவனுக்கு எந்தச் சோதனையும் சிவப்பாகவில்லை. யாரும் அவனுக்குப் பட்டம் வைக்கவும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, காலையில் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஏதோ கம்பெனியின் ஹெச்.ஆர். அவள் பெயரைச் சொல்லி, "உங்ககூட வேலை பார்த்தவங்க. விசாரிக்க உங்க நம்பரைத்தான் குடுத்திருக்காங்க மேடம்" என்றாள்.

என் நம்பரையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளுக்கு எங்கள் ஆபீஸில் பழக்கமென்று வேறு யாரும் இல்லை. ஒருவேளை ஒரு வருஷத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாவது வந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பாள்.

"வேலை எப்படி மேடம்?"

"நன்னாப் பண்ணுவா."

"ஏதோ சாவி அழிஞ்சு போன விஷயம்னு அவங்களே சொன்னாங்க. அது அவங்க செஞ்சது இல்லைன்னு சொல்றாங்க. நீங்க அங்க இருந்தீங்களாமே?"

என் பக்கத்தில் பூ விற்கிறவள் முழம் அளந்துகொண்டிருந்தாள். யாருக்கும் நான் பேசுவது கேட்காது. நான் செய்ததுதான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் வேலைக்கு அதனால் ஒன்றும் வந்துவிடாது, அது வேறு கம்பெனி, வேறு ஊர். இதெல்லாம் அப்போதே எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"அதைப் பத்தி நான் சொல்லப்பிடாது" என்றேன். "எங்க ஹெச்.ஆர்.கிட்ட கேட்டுக்கோங்கோ."

"புரிஞ்சுது மேடம். தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டாள். என்ன புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

கழக்கூட்டம் பஸ் வந்தது. கூட்டமில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது, உட்கார்ந்துகொண்டேன்.